பட்டம் பெற்றபின் பட்டாளம்: சிப்பாயா, அதிகாரியா?

(பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் நமது பங்கின் முன்னாள் இராணுவத்தினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இந்தப் பொன்விழா ஆண்டில் இளைஞர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். என்ன பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், எங்களைக் கண்டால் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, எம்.ஏ. முடிக்கப் போறேன். பட்டாளத்துல சேரணும்னு ஆசை. சிப்பாயாப் போறதா, ஆபீசருக்கு எழுதுறதா?" அந்தக் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்களில் சிலர் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடிச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர்கள். சிலர் கல்லூரிப் படிப்புக்குப் பின் சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி பெற்று, தோளில் நட்சத்திரம் அணிந்து பணியாற்றியவர்கள். இரண்டு வாசல்களிலும் நுழைந்தவர்கள் கூடிப் பேசி, ஒத்துக்கொண்ட விஷயங்களை மட்டுமே இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அதிகாரி என்றால் உயர்ந்தவர், சிப்பாய் என்றால் தாழ்ந்தவர் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். அப்படியல்ல. இரண்டும் இரண்டு தொழில்கள். சிப்பாயாகச் சேருபவர் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று உயர்ந்து, தகுதியிருந்தால் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் வரை செல்கிறார். தன் ஆயுதத்தையோ, பீரங்கியையோ, கம்பியில்லாத் தந்திக் கருவியையோ, அடுப்பையோ, வண்டியையோ கண்ணை மூடிக்கொண்டு கையாளும் அளவுக்குக் கற்றுத் தேர்வது அவர் வேலை. அதிகாரியாகச் சேருபவர் லெப்டினன்டாகத் தொடங்கி, இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று உயர்கிறார். தீர்மானம் எடுப்பதும், அந்தத் தீர்மானத்தின் பலனைத் தானே சுமப்பதும் அவர் வேலை.

இருபத்து மூன்று வயது லெப்டினன்ட் ஒருவர் முதன்முதலாகப் பிளட்டூனுக்கு வருகிறார். அங்கே இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள சுபேதார் இருக்கிறார். சுபேதார் அந்தப் பையனுக்கு சல்யூட் அடிக்கிறார். பையனோ அவரை "சாப்" என்று மரியாதையாக அழைத்து, அவரிடம் தொழில் கற்றுக்கொள்கிறார். ஆனால் இரவில் ஒரு தகவல் வந்து, "இப்போது முன்னேறுவதா, விடியும்வரை காத்திருப்பதா?" என்ற கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பையன்தான். முப்பது பேருடைய உயிர் அவர் வாய்ச் சொல்லில் தொங்குகிறது. சம்பள வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உண்மையான வித்தியாசம் இதுதான்.

குண்டு பதவி பார்த்து வருவதில்லை. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 25-ம் நாள் காஷ்மீரில் சோபியான் மாவட்டத்தில் நடந்த சண்டையில் மேஜர் முகுந்த் வரதராஜன் உயிர் நீத்தார். காஞ்சிபுரத்தில் பி.காம். படித்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியலில் முதுநிலைப் பட்டயம் பெற்று, பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006-ம் ஆண்டில் அதிகாரியானவர் அவர். அசோகச் சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டதை நாடு அறியும். அதே சண்டையில் அவருடன் நின்ற சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிர் கொடுத்தார். 2020-ம் ஆண்டு ஜூன் 15-ம் நாள் இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த இருபது பேரில் படைப்பிரிவின் தலைவர் கர்னல் சந்தோஷ் பாபுவும் உண்டு. நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் உண்டு. முன்னவருக்கு மகாவீர் சக்கரமும் பின்னவருக்கு வீர் சக்கரமும் வழங்கப்பட்டன. 1971-ம் ஆண்டுப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஆல்பர்ட் எக்கா ஒரு லான்ஸ் நாயக். ஆகவே "எது பெருமை?" என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம்.

அடுத்து, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று: காலண்டர்.

பிளஸ் டூ முடிக்கும்போது பிள்ளைக்கு 17 அல்லது 18 வயது. பட்டம் பெறும்போது 20 அல்லது 21. முதுகலை முடிக்கும்போது 22 அல்லது 23. இப்போது இரண்டு வாசல்களின் வயது வரம்பைப் பாருங்கள். 2022-ம் ஆண்டு ஜூன் 14-ம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சாதாரண சிப்பாயாகச் சேர்வதற்குப் பதினேழரை முதல் 21 வயது வரை என்று வகுத்தார்கள். தொடக்க ஆண்டான 2022-க்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். பின்னர் வரும் அறிவிப்புகளில் ஓராண்டு கூடினாலும், முதுகலை முடித்து வருபவருக்கு அந்த வாசல் அநேகமாக மூடியே இருக்கும். எம்.ஏ. முடித்துவிட்டு, "சிப்பாயா, ஆபீசரா?" என்று கேட்கும் தம்பிக்கு, பாதி விடையைக் காலண்டரே சொல்லி முடித்துவிட்டது.

அதிகாரி வாசலும் அகலத் திறந்து கிடக்கவில்லை. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் வழியாக டேராடூன் இராணுவ அகாடமிக்குச் செல்ல ஏறத்தாழ 24 வயதும், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குச் செல்ல 25 வயதும் உச்ச வரம்பு. இந்த வயதைப் பரீட்சை நாளன்று கணக்கிடுவதில்லை. பயிற்சி தொடங்கும் காலத்தை ஒட்டிக் கணக்கிடுகிறார்கள். பரீட்சைக்கும் பயிற்சிக்கும் நடுவே ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிடுகிறது. அப்படியானால் 24 வயதில் எழுதும் பரீட்சையே கடைசிப் பரீட்சை. முதுகலை முடித்தபின் எழுதத் தொடங்குபவருக்கு இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளே மிஞ்சும். பட்டப் படிப்பின் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பிக்க அனுமதி உண்டு. அப்போதே தொடங்குபவருக்கு ஆறு, ஏழு வாய்ப்புகள் கிடைக்கும். "முதலில் மேற்படிப்பை முடிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது பொறுமையான பேச்சாகத் தோன்றும். ஆனால் பட்டாளத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு முடிவுதான். யோசிக்காமல் எடுத்த முடிவு.

மேற்படிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சில வாசல்கள் படிப்புக்காகவே வைக்கப்பட்டவை. சட்டம் படித்தவர்கள் இராணுவச் சட்டப் பிரிவில் 27 வயது வரை அதிகாரியாகச் சேரலாம். பொறியியல் படித்தவர்களுக்கும் குறுகிய காலப் பணியில் 27 வயது வரை இடமுண்டு. எழுத்துத் தேர்வும் இல்லை. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழை நல்ல தரத்தில் பெற்ற பட்டதாரிகளுக்கும் எழுத்துத் தேர்வு இல்லை. நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வரும். சிப்பாய் வரிசையிலும் படித்தவர்களுக்கு ஓர் இடம் உண்டு. இராணுவக் கல்விப் படைக்குப் பட்டதாரிகளையும் முதுகலைப் பட்டதாரிகளையும் 20 முதல் 25 வயதுக்குள் நேரடியாக ஹவில்தாராக எடுப்பது நெடுநாள் வழக்கம். எல்லா ஆண்டும் எல்லாப் பாடத்திற்கும் ஆள் எடுப்பதில்லை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்க வேண்டும். வகுப்பில் நின்று கற்பிக்க விருப்பமுள்ள தம்பிக்கு அது மிகப் பொருத்தமான இடம். குருப்பட்டம் பெற்றவர்களைக்கூட நாயப் சுபேதார் பதவியில் 'பாத்ரே' என்று எடுக்கிறார்கள். பங்குத்தந்தை அவர்கள் எங்களை முறைத்துப் பார்ப்பதால் அதை இத்துடன் விடுகிறோம்!

வேலை பார்த்துக்கொண்டே 25 வயதைக் கடந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். பிராந்திய சேனையில், சொந்தத் தொழிலோ வேலையோ உள்ள பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரியாவதற்கு விண்ணப்பிக்கும் முறை இருந்து வருகிறது. ஆண்டில் சில மாதங்கள் சீருடை, மற்ற நாட்களில் சொந்த வேலை என்று அமைந்த பணி அது.

இனி, நம் பிள்ளைகள் அதிகாரி வாசலைக் கண்டு ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் பேசுவோம். காரணத்தை அவர்கள் வெளியே சொல்வதில்லை. நாங்கள் சொல்லிவிடுகிறோம்: ஆங்கிலம். சிப்பாய் சேர்ப்புக்கான எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2025-ம் ஆண்டில் வசதி செய்தார்கள். சி.டி.எஸ். தேர்வின் வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. சென்னை அகாடமிக்குக் கணக்குத் தாள் கிடையாது; ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே. டேராடூனுக்குக் கணக்கும் சேரும்.

எழுத்தில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியம் அழைக்கிறது. நமக்கு அருகில் உள்ளது பெங்களூர் வாரியம். ஐந்து நாட்கள் அங்கேயே தங்க வேண்டும். முதல் நாளே ஒரு சலிப்பு. அதில் தேறாதவர்கள் அன்றே திரும்பிவிடுவார்கள். பிறகு படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு சொல்லைக் காட்டி, மனத்தில் தோன்றுவதைச் சில விநாடிகளில் எழுதச் சொல்வார்கள். பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து, குழுவாக ஒரு தடையைத் தாண்டச் சொல்வார்கள். நேர்முகப் பேட்டியும் உண்டு. இலக்கண சுத்தமான ஆங்கிலம் யாருக்கு என்று அங்கே தேடுவதில்லை. தன்னோடு நிற்கும் ஏழு பேரையும் சேர்த்துக் கொண்டுபோகும் பிள்ளை யார், இடையில் தடங்கல் வந்தால் முகம் வாடாத பிள்ளை யார் என்றுதான் தேடுகிறார்கள். எளிய வாக்கியத்தில் தெளிவாகப் பேசத் தெரிந்தால் போதும். திருவிழாவில் தேர்வடம் பிடிக்க ஆள் சேர்த்து, பந்தல் போட்டு, அன்னதானக் கணக்கு எழுதி, சண்டைக்கு வந்தவரையும் சமாதானப்படுத்திய பிள்ளை நம் பங்கிலேயே எத்தனை பேர்! அந்தக் குணத்தைத்தான் அவர்கள் ஐந்து நாள் உட்கார்ந்து தேடுகிறார்கள். முதல் முறை தேறாவிட்டாலும் வயது இருக்கும்வரை மறுபடி போகலாம்.

ஆகவே தம்பிகளே, ஆங்கிலத்துக்குப் பயந்து மட்டும் அதிகாரி வாசலை விட்டு விலகாதீர்கள். அதேபோல, சொந்தக்காரர்கள் மெச்ச வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த வாசலில் நுழையாதீர்கள். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் பாரம் வேண்டாம், ஒரு தொழிலைச் செம்மையாகக் கற்று நிம்மதியாக உழைக்க வேண்டும் என்று மனம் சொல்லுமானால், அது கோழைத்தனமல்ல. தன்னை அறிந்த நல்ல புத்தி அது. அப்படிப்பட்டவர் வயது இருக்கும்போதே சிப்பாயாகச் சேர்ந்துவிட வேண்டும். உள்ளே போனபின் மேலே வர வழியும் உண்டு. நிரந்தரப் பணியிலுள்ள வீரர்கள் தேர்வு எழுதி, டேராடூனில் உள்ள இராணுவ கேடட் கல்லூரியில் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் பெற்று, அதன்பின் அதிகாரிப் பயிற்சிக்குச் செல்கிறார்கள்.

பணத்தையும் ஆண்டுகளையும் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய். அதில் முப்பது சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். அரசும் அதே தொகையைப் போட்டு, நான்காண்டு முடிவில் ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கைக்குக் கிடைக்கும் என்பது 2022-ல் அறிவித்த கணக்கு. நான்கு ஆண்டுக்குப் பின் 25 சதவீதம் பேர் வரையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றும், மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அதிகாரிக்கு 2016-ல் நடைமுறைக்கு வந்த ஏழாம் ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய் தனி. ஆனால் பரங்கிமலை வழியாகச் செல்பவர் குறுகிய காலப் பணி அதிகாரி. பணி பத்து ஆண்டு. மேலும் நான்கு ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், 35 வயதில், மனைவி மக்களோடு, மறுபடியும் வேலை தேட வேண்டும். அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு இருபது ஆண்டுப் பணி வேண்டுமென்பதால், பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கும் பணிக்கொடைதான்; மாதாந்திரப் பென்ஷன் இல்லை. இந்தக் கணக்கைச் சேருமுன் போட வேண்டும். பெற்ற முதுகலைப் பட்டம் வீண் போகாத இடமும் இதுதான். சீருடையைக் கழற்றிய பின் அந்தப் படிப்பு உங்களுக்குக் கைகொடுக்கும்.

நம் பிள்ளைகள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்று வழிபாடு. பட்டாளத்தில் ஞாயிறு தவறாமல் பூசை கிடைக்காது. பல இடங்களில் எல்லா மதத்தாருக்கும் சேர்த்து ஒரே வழிபாட்டுக் கூடம் இருக்கும். சிப்பாய் தன் மத வழிபாட்டுக்குப் போகலாம். அதிகாரியோ தன் வீரர்களின் வழிபாட்டில் அவர்களோடு நிற்க வேண்டும். சீக்கியப் படைப்பிரிவில் இருந்தால் குருத்வாரா, வேறு பிரிவானால் கோயில். இதில் முழுமையாகப் பங்கேற்க மறுத்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது செல்லும் என்று 2025-ம் ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. அந்த வழக்கின் நியாயத்தை அலச இந்த மேடை இடமல்ல. ஆனால் மனச்சாட்சியின் கேள்வியை நட்சத்திரம் அணிந்தபின் எழுப்புவதைவிட, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே நம் குருக்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. 1992-ம் ஆண்டு முதல் பெண்கள் மருத்துவம், செவிலியம் தவிர்த்த மற்றப் பிரிவுகளிலும் அதிகாரிகளாகி வருகிறார்கள். அவர்களில் ஏராளமானோர் பயிற்சி பெற்றது நம் பரங்கிமலையில்தான். 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நிரந்தரப் பணிக்கும் வழி திறந்தது. இராணுவப் போலீஸ் பிரிவில் சிப்பாய்களாகப் பயிற்சி பெற்ற முதல் பெண்கள் அணி 2021-ம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளிவந்தது. சி.டி.எஸ். வழியாகச் சென்னை அகாடமிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். தகுதியான பெண்பிள்ளைகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். தகவல்தான் அவர்கள் வீடு வரை போய்ச் சேரவில்லை.

பெற்றோர்களே! பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறேன் என்றால் தாய் அழத்தான் செய்வாள். எங்கள் தாய்மாரும் அழுதார்கள். அந்த அழுகையில் குற்றமில்லை. ஆனால் "படிச்சு முடிச்சு சிப்பாயாப் போறதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்?" என்று பிள்ளையைக் குத்திப் பேசாதீர்கள். "ஆபீசராகாவிட்டால் வீட்டுக்கு வராதே" என்றும் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை எந்தப் பாரத்தைத் தூக்கக் கூடியவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். பணம் கொடுத்தால் இராணுவத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீடு தேடி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இராணுவத்தில் இடம் விலைக்குக் கிடைப்பதில்லை.

தம்பி தங்கையரே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் 21-வது பிறந்தநாளையும், 24-வது பிறந்தநாளையும், படிப்பு முடியும் மாதத்தையும் அதில் எழுதுங்கள். கீழே, "பிறர் உயிருக்குப் பொறுப்பேற்று முடிவெடுக்க என் மனம் இசைகிறதா?" என்ற ஒரே கேள்வியை எழுதுங்கள். மேலே உள்ள தேதிகளுக்கு முன்னதாகக் கீழே உள்ள கேள்விக்கு விடை காணுங்கள். விடை எதுவானாலும், விண்ணப்பம் நிரப்புவது முதல் விடியற்காலை ஓட்டப் பயிற்சி வரை துணைநிற்க நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.